பொறுப்பின் மணிக்கணக்கு

2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு முன்ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. மனுதாரர் மதன் என்ற யூடியூபர். பப்ஜி விளையாடுவதை நேரலையில் காட்டிக்கொண்டே பேசுவது அவர் தொழில். அந்த விளையாட்டை மத்திய அரசு 2020 செப்டம்பரிலேயே தடை செய்திருந்தது, அவர் நிறுத்தவில்லை. பெண்களைப் பற்றி அவர் நேரலையில் பேசிய பேச்சுதான் புகார்களாகக் குவிந்தது. நீதிபதி எம். தண்டபாணி, அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து வாதாடுமாறு மனுதாரரின் வழக்கறிஞரிடமே சொன்னார். தொடக்கத்தைக்கூடக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்பது நீதிபதியின் கருத்து. ஜூன் 18-ஆம் தேதி தருமபுரியில் மதன் கைதானார்.

செய்திகள் முழுக்க மதனைப் பற்றியே இருந்தன. ஆனால் ஓர் அறிவியல் எழுத்தாளருக்கு அவரைவிட முக்கியமானவர்கள், அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த லட்சக்கணக்கான சந்தாதாரர்கள். அது ஊரடங்குக் காலம். ஆன்லைன் வகுப்புக்கென்று வீட்டில் வாங்கிக் கொடுத்த செல்போனில் மாலையில் அந்த நேரலையைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். பார்த்ததோடு சிலர் நிற்கவில்லை. சிரிப்பு எமோஜி போட்டார்கள், சூப்பர் சாட்டில் காசு அனுப்பினார்கள். கெட்ட வார்த்தைக்குக் கைதட்டல் கிடைக்கும் என்று கற்றுக்கொண்டார்கள். கற்றதை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் பள்ளியின் பெயரில் யாரோ நடத்தும் இன்ஸ்டாகிராம் 'கன்ஃபெஷன்' பக்கத்திலும் பயன்படுத்திப் பார்ப்பதற்குப் பெரிய தடை ஏதும் இல்லை.

ஆன்லைன் சீண்டலால் ஒரு பிள்ளை உடைந்துபோகும்போது ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு யார் காரணம்? போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அந்தக் கேள்வி தேவை. கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகள் அதைவிட உபயோகமான வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கின்றன. முதல் பதிவு வந்த நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளை உடையும் நேரம் வரை, ஒவ்வொரு மணி நேரத்திலும் இதை நிறுத்தியிருக்கக் கூடியவர் யார்? இப்படிக் கேட்டால் ஒரே குற்றவாளி கிடைக்க மாட்டார். ஒரு பட்டியல் கிடைக்கும்.

மூன்று அளவுகோல்கள், ஒரு செல்போன்

1982-இன் இறுதியில் நார்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமை அதற்குப் பின்னணி என்று தெரியவந்ததும் நாடு அதிர்ந்தது. மறு ஆண்டே அரசு நாடு தழுவிய தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அதன் அறிவியல் பகுதியை வடிவமைத்த டான் ஓல்வேயஸ் வகுத்த இலக்கணம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: செய்பவருக்குப் புண்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும், அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், செய்பவருக்கும் படுபவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் அது கொடுமை. இல்லையென்றால் சண்டை அல்லது கேலி.

செல்போன் இந்த மூன்று அளவுகோல்களையும் குழப்பிவிட்டது. ஒருவன் ஒரே ஒரு படத்தை ஒரே ஒரு முறை போடுகிறான். நாற்பது பேர் அதை ஃபார்வர்டு செய்கிறார்கள். அவனைப் பொறுத்தவரை அது ஒரு முறை. படத்தில் இருக்கும் பெண்ணுக்கு நாற்பது முறை. பள்ளி மைதானத்தில் பலசாலி யார் என்று பார்த்தாலே தெரியும். போனில் ஒல்லியான, வகுப்பில் வாயே திறக்காத பையன்கூடப் பெயர் மறைத்த கணக்கு ஒன்றிருந்தால் பலசாலி. அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004-இலேயே இதைக் கவனித்து எழுதினார்: முகம் தெரியாது, எதிராளியின் முகம் வாடுவதும் தெரியாது, பதிலுக்கு உடனே அடி விழாது. இவை ஒன்றுசேரும்போது நேரில் பேச நா எழாதவர்களும் திரையில் பேசிவிடுகிறார்கள். நேரக் கணக்கும் மாறிவிட்டது. மயிலாப்பூரில் மாலை நான்கு மணிக்குப் பள்ளி மணி அடித்தால் முன்பெல்லாம் அன்றைய கொடுமை முடிந்துவிடும். இப்போது அது வீட்டுக்கும் வருகிறது, படுக்கைக்கும் வருகிறது.

எத்தனை பிள்ளைகள் இதற்கு ஆளாகிறார்கள்? கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். 2022-இல் வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்கும் மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. 2020-இல் தில்லி வட்டாரத்தில் 630 வளரிளம் பருவத்தினரிடம் 'க்ரை' என்ற குழந்தை உரிமை அமைப்பு நடத்திய ஆய்வில் கிடைத்தது 9.2 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 44 நாடுகளிலும் வட்டாரங்களிலும் சுமார் 2,79,000 மாணவர்களிடம் கேட்டு 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி ஆறில் ஒருவர். எட்டில் ஒருவர் தானே பிறரைச் சீண்டியதாக ஒப்புக்கொண்டார். 85-க்கும் 9-க்கும் நடுவே உண்மை எங்கோ இருக்கிறது. க்ரை ஆய்வின் இன்னொரு தகவல்தான் அதிகம் உறுத்துகிறது: பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சமூக ஊடக நிறுவனத்திடமோ வாய் திறக்கவே இல்லை.

பார்வையாளர் இருந்தால் மூளை வேறு

2003-இல் கலிஃபோர்னியாவில் நவோமி ஐசன்பர்கரும் அவருடைய சகாக்களும் ஒரு எளிய விளையாட்டை வைத்தார்கள். கணினித் திரையில் மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி எறிவார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்திருக்கும் நபர் அவர்களில் ஒருவர். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் இவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த இருவரும் மனிதர்களே இல்லை, கணினி நிரல்தான். அப்படியும், உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று ஒதுக்கப்பட்ட நேரத்தில் கூடுதலாக வேலை செய்தது. உடல் வலியும் ஒதுக்கப்பட்ட வலியும் மூளையில் ஒன்றேதான் என்று பலர் இதிலிருந்து முடிவுகட்டினார்கள். 2014-இல் வந்த நுட்பமான ஆய்வு இரண்டுக்கும் வெவ்வேறு பதிவு முறைகள் இருப்பதைக் காட்டி அந்த முடிவைத் திருத்தியது. ஒதுக்கப்படுவதை மூளை லேசாக எடுத்துக்கொள்வதில்லை என்பது வரை சந்தேகமில்லை.

பதின்வயதில் இது கூர்மையாகிறது. 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 13 முதல் 18 வயது வரையிலான 32 பேரை ஸ்கேன் கருவிக்குள் வைத்து இன்ஸ்டாகிராம் போன்ற ஒரு திரையைக் காட்டினார்கள். எந்தப் படத்துக்கு எத்தனை 'லைக்' என்பதை ஆய்வாளர்களே நிர்ணயித்திருந்தார்கள். தங்கள் படத்துக்கு நிறைய லைக் விழுந்தபோது, இனிப்பும் பணமும் கிடைக்கும்போது தூண்டப்படும் மையம் தூண்டப்பட்டது. அடுத்தவர் படமாக இருந்தாலும் ஏற்கெனவே லைக் குவிந்திருந்தால் இவர்களும் லைக் போட்டார்கள். மது, புகை போன்ற ஆபத்தான படங்களைப் பார்த்தபோது தன்னடக்கத்தோடு தொடர்புடைய பகுதிகளின் செயல்பாடு குறைந்தது.

லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் குழுவின் 2011 ஆய்வு இதற்குத் துணை. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. சிக்னலில் நிற்கலாம், தாண்டியும் போகலாம். தனியாக ஓட்டும்போது பதின்வயதினர் பெரியவர்களைப் போலவே நின்றார்கள். நண்பர்கள் பக்கத்து அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அதிகம் தாண்டினார்கள். பெரியவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. ஒரு வகுப்பு குரூப்பில் நாற்பது நண்பர்கள் நள்ளிரவிலும் 'பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்'. சீண்டுபவனின் துணிச்சலும் சீண்டப்படுபவளின் அவமானமும் அதே நாற்பது ஜோடிக் கண்களிலிருந்துதான் பிறக்கின்றன.

எல்லாப் பிள்ளைகளையும் இது ஒரே மாதிரி பாதிப்பதில்லை. 2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசப் பத்தாம் வகுப்புத் தேர்வில் 98.5 சதவீதம் எடுத்து மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாணவியின் படம் வெளியானது. வாழ்த்துகளைவிட அவருடைய முகத்து ரோமத்தைப் பற்றிய கேலிதான் வேகமாகப் பரவியது. அவர் அதைக் கடந்து வந்தார். ஆதரவுக் குரல்களும் பெரிதாக எழுந்தன. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2023 நவம்பரில், உஜ்ஜயினியைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை ஒப்பனை செய்து சேலை உடுத்தி ஒரு ரீல்ஸ் போட்டது. பால் அடையாளத்தை இழிவுபடுத்தும் ஆயிரக்கணக்கான கருத்துகள் அதன் கீழே குவிந்தன. அந்தப் பிள்ளை இப்போது இல்லை.

இங்கே நிதானம் வேண்டும். 'கமென்ட்டால் மரணம்' என்று ஒற்றை வரியில் எழுதுவது அறிவியலுக்கு உடன்பாடில்லை. தற்கொலைக்கு ஒரே காரணம் என்பது அநேகமாக எப்போதும் இருப்பதில்லை; மனச்சோர்வு, வீட்டுச் சூழல், தனிமை, ஏற்கெனவே பட்ட காயம் என்று பல சரடுகள் பின்னியிருக்கும். ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் ஆன் ஜான் தலைமையிலான குழு 30 நாடுகளைச் சேர்ந்த 1,50,000-க்கு மேற்பட்ட இளையோர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டது. ஆன்லைன் கொடுமைக்கு ஆளானவர்கள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளவோ தற்கொலைக்கு முயலவோ கூடிய சாத்தியம் மற்றவர்களைப் போல இரு மடங்குக்கு மேல் என்று அது கண்டது. கொடுமை செய்தவர்களுக்கும் அந்த ஆபத்து சற்றே அதிகமாக இருந்தது. தொடர்பு உறுதியாக இருக்கிறது. தனி ஒருவரின் மரணத்துக்கு அதை மட்டும் காரணமாக்க அந்த எண் இடம் தருவதில்லை.

சேலம், ஜூன் 2016

ஒரே காரணம் இல்லை என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடுமா? சேலம் மாவட்டத்தில் நடந்தது அதற்குப் பதில் சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு 21 வயது, வேதியியல் பட்டதாரி. பதின்வயதைத் தாண்டியவர்தான். ஆனால் தமிழ்நாட்டில் இந்த விஷயத்தை நேரக் கணக்காகப் பார்க்க வைத்த வழக்கு அதுவே. அவருடைய முகத்தை வேறொரு உடலோடு ஒட்டி மார்ஃபிங் செய்த படம் ஃபேஸ்புக்கில் வந்தது. குடும்பம் ஒளிக்கவில்லை, போலீஸில் புகார் கொடுத்தது. ஃபேஸ்புக்கிலிருந்து விவரம் வர நாளாகும் என்று பதில் கிடைத்தது. விசாரணைக்காகச் செல்போன் ஒன்றை லஞ்சமாகக் கேட்டதாக ஒரு காவலர் மீது குற்றச்சாட்டு எழுந்து, அவர் பின்னர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இதற்கிடையில் இன்னொரு படமும் வெளியானது. ஜூன் 27 அன்று அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். சில நாள்களுக்குள் படத்தைப் போட்டவர் பிடிபட்டார். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மரணத்துக்குப் பின் சில நாள்களில் முடிந்த வேலை, புகாருக்குப் பின் அதே சில நாள்களில் ஏன் முடியவில்லை? படம் போட்டவரின் குற்றம் ஒரு பக்கம் இருக்க, அந்த நாள்களின் கணக்கு போலீஸுடையது. நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு.

2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இந்த இடைவெளியைச் சுருக்கப் பார்த்தன. நிர்வாணமாகவோ ஆபாசமாகவோ ஒருவரைக் காட்டும் படத்தை, மார்ஃபிங் செய்ததானாலும், பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றன. காகிதத்தில் இருந்த 24 மணி நேரம் நடைமுறைக்கு எளிதில் வரவில்லை. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர், தனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட அந்தரங்க வீடியோ பல தளங்களில் பரவுவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 48 மணி நேரத்தில் நீக்குமாறு மத்திய அமைச்சகத்துக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். சட்டம் தெரிந்த ஒருவருக்கே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தி.நகரில் பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணால் அது ஆகுமா?

தப்பான திசையில் தேடல்

2017 நினைவிருக்கிறவர்களுக்கு, பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட 'புளூ வேல்' என்ற இணைய விளையாட்டைப் பற்றிய பீதியும் நினைவிருக்கும். மதுரைப் பக்கத்தில் ஒரு மாணவரின் மரணத்தோடு அந்த விளையாட்டு இணைத்துப் பேசப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கெடுத்தது. பள்ளிகள் சுற்றறிக்கை விட்டன. பிள்ளைகளின் கையில் திமிங்கலப் படம் இருக்கிறதா என்று பெற்றோர் பார்த்தார்கள். 2018 ஜனவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது: விசாரித்த மரணங்களில் எதையும் அந்த விளையாட்டோடு தொடர்புபடுத்த ஆதாரம் கிடைக்கவில்லை.

பீதி அப்போது கடல் கடந்த ஒரு மர்ம ஆளைத் தேடியது. பிள்ளையின் போனில் இருந்த வகுப்பு குரூப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை. பதின்வயதினரைச் சீண்டுவோர் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தவர்கள்: கூடப் படிப்பவர், முன்னாள் நண்பர், டியூஷனில் பக்கத்தில் உட்காருபவர். அந்நியனைத் தேடுவது வசதி. தெரிந்தவனைத் தேடினால் இன்னொரு பெற்றோரின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

'நான் ஃபார்வர்டுதான் பண்ணினேன்'

பட்டியலின் முதல் பெயர் எழுதியவர். அவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் குறுக்கே வரும். தண்டனையைவிடத் திருத்தம்தான் அதன் நோக்கம். பெரியவர் என்றாலும் ஒரு மரணத்தை அவர் மேல் சுமத்துவது எளிதல்ல. குழந்தையைத் தற்கொலைக்குத் தூண்டுவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 107-ஆவது பிரிவு மரண தண்டனை வரை சொல்கிறது. ஆனால் தூண்டும் எண்ணம் நேரடியாக இருந்தது என்று காட்ட வேண்டும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2006-இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபோது, அவளை ஏமாற்றிய போலி ஆண் கணக்குக்குப் பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்மணி ஒருவர் இருந்தது தெரியவந்தது. 2008-இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அதுகூடக் கணினி முறைகேடு என்ற சிறு குற்றத்துக்குத்தான். 2009-இல் நீதிபதி அதையும் ரத்து செய்தார்.

இரண்டாவது பெயர் பரப்பியவர். இதில் சென்னைக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. மயிலாப்பூர்த் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் நடிகருமான எஸ்.வி. சேகர், 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர். சேகர் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்துவிட்டார் என்று அவர் தரப்பு சொன்னது. சமூக ஊடகத்தைப் பயன்படுத்துகிறவர் விளைவையும் ஏற்க வேண்டும் என்று சொல்லி நீதிபதிகள் 2023 ஆகஸ்டில் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 'நான் எழுதலை சார், ஃபார்வர்டுதான் பண்ணினேன்' என்று தலைமையாசிரியர் அறையில் நிற்கும் பையனுக்கு இந்த வழக்கை ஒருமுறை சொல்லிக் கொடுக்கலாம். பாடம் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல என்பதும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

மூன்றாவது பெயர் செயலியை நடத்தும் நிறுவனம். பெயர் மறைத்துக் கேள்வி கேட்கும் செயலிகள் பதின்வயதினரிடம் அவ்வப்போது அலைபோல வரும். 2017-இல் சராஹா வந்தது; பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தப் பயன்படுகிறது என்ற எதிர்ப்பால் 2018-இல் ஆப்பிள், கூகுள் கடைகளிலிருந்து போனது. பின்னர் வந்த என்ஜிஎல் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் எடுத்த நடவடிக்கை புதுவகை. யாரோ அனுப்பியதுபோல் தோன்றும் போலிச் செய்திகளை நிறுவனமே பயனர்களுக்கு அனுப்பியது, அனுப்பியவர் யார் என்று அறியக் காசு கட்டத் தூண்டியது என்பது குற்றச்சாட்டு. 50 லட்சம் டாலரில் வழக்கு முடிந்தது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்தச் செயலியைத் தரவும் தடை வந்தது. 'நாங்கள் வெறும் மேடைதான்' என்ற வாதம் இங்கே எடுபடவில்லை.

வடிவமைப்பு நல்லதுக்கும் உதவும், ஓரளவு. அமெரிக்காவில் வளர்ந்த திரிஷா பிரபு என்ற மாணவி, புண்படுத்தும் வாசகத்தை அனுப்பும் முன் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் மென்பொருளை உருவாக்கினார். 2014-இல் கூகுள் அறிவியல் போட்டியின் இறுதிச் சுற்றை எட்டினார். அவருடைய சோதனையில் 93 சதவீதம் பதின்வயதினர் மனம் மாறினார்கள். பின்னாளில் ட்விட்டர் அதே யோசனையை நிஜப் பயனர்களிடம் சோதித்தபோது, எச்சரிக்கப்பட்ட பதிவுகளில் 9 சதவீதம் கைவிடப்பட்டது, 22 சதவீதம் திருத்தப்பட்டது. கோபமில்லாத சோதனை அறைக்கும் கோபம் கொதிக்கும் களத்துக்கும் உள்ள தூரம் அது. ஆனாலும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாற்ற முடிகிறது என்றால், அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது நிறுவனம் தானே எடுத்த முடிவு.

பத்து விநாடி

நான்காவது பெயரில் ஆள் அதிகம்: பார்த்தும் சும்மா இருந்தவர்கள். கனடாவில் பள்ளி மைதானங்களை ரகசியமாகப் படம்பிடித்து 2001-இல் வெளியான ஆய்வில், கொடுமை நடந்த நிகழ்வுகளில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். குறுக்கிட்டது 19 சதவீதத்தில்தான். குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்து விநாடிக்குள் கொடுமை நின்றது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி உருவாக்கிய 'கிவா' திட்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. அது கொடுமைக்காரனைத் தேடி அலைவதில்லை. சுற்றி நிற்பவர்களுக்குப் பயிற்சி தருகிறது. கைதட்டல் நின்றால் ஆட்டம் நிற்கும் என்பது அதன் கணக்கு. கட்டுப்பாட்டுக் குழுவோடு ஒப்பிட்ட சோதனைகளில் கொடுமை குறைந்தது. குரூப்பில் 'டேய், இதை எடு' என்று ஒருவர் எழுதுவது, அட்மின் அந்தப் படத்தை நீக்குவது, பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக 'நான் இருக்கேன்' என்று ஒரு செய்தி அனுப்புவது, இவை மூன்றுமே பத்து விநாடி வேலைகள்.

ஐந்தாவது பெயர் பள்ளி. வெளியில் தெரிந்தால் பெயர் கெடும் என்று மூடி மறைப்பது பல நிர்வாகங்களின் முதல் எதிர்வினை. அமைப்பை மாற்றினால் உயிர் மிஞ்சும் என்பதற்கு நல்ல சான்று இதே ஊரில் இருக்கிறது. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே, ராஜா அண்ணாமலைபுரம் பார்க் வியூ சாலையில் இயங்கும் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கினார். பொதுத்தேர்வு முடிவு வரும் நாள்களில் அங்கே அழைப்புகள் குவியும். பிள்ளைகளுக்குத் தைரியம் சொன்னதோடு அந்த அமைப்பு நிற்கவில்லை. ஒரு பாடத்தில் தோற்றால் ஓராண்டு வீணாகும் என்ற விதியையே மாற்றச் சொல்லி அரசிடம் வாதாடியது. 2000-களின் தொடக்கத்தில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. தேர்வுத் தோல்வியால் நிகழும் தற்கொலைகள் பின்னர் குறைந்தன. தோற்ற பிள்ளையின் மனவுறுதியைச் சோதிப்பதற்குப் பதில், அவர் காத்திருக்க வேண்டிய காலத்தை அரசு சுருக்கியது. ஆன்லைன் கொடுமைக்கும் அதே தர்க்கம் பொருந்தும்: புகார் கொடுப்பதற்கும் படம் நீங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தைச் சுருக்க வேண்டும்.

வீட்டின் பங்கு

கடைசிப் பெயர் பெற்றோர். விஷயம் தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் பறிபோவது செல்போன். பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் சொல்வதில்லை. க்ரை ஆய்வின் அந்தப் பாதிப் பேர் மௌனமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். போனைப் பிடுங்கினால் ஆதாரமும் போகும், ஆறுதல் சொல்லும் தோழியும் போவாள். சீண்டியவன் குரூப்பில் அப்படியே இருப்பான்.

ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்திருக்கிறது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் கேட்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. தடைகள் எவ்வளவு பலன் தரும் என்பது இனி வரும் ஆய்வுகளில் தெரியும். அதுவரை வீட்டில் கேட்க வேண்டிய முதல் வாக்கியம் 'நீ என்ன பண்ணினே?' என்பதாக இருக்கக் கூடாது. 'நல்ல வேளை சொன்னே, சேர்ந்து பார்த்துக்கலாம்' என்று சொன்னால் பிள்ளை மீதியையும் சொல்லும்.

முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பதில் எழுத வேண்டாம். கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அந்தச் செயலியிலேயே புகார் கொடுங்கள். ஆபாசப் படம் என்றால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், ஆதாரம் என்ற பெயரில்கூட. 18 வயதுக்குட்பட்டவர் படமானால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் வடிவக் கைரேகை மட்டும் போகும். அதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அந்தக் கைரேகையை வைத்துத் தங்கள் தளத்தில் அதே படத்தைத் தேடி நீக்கும். சைபர் குற்றப் புகாருக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, தமிழகப் பள்ளி மாணவர்களுக்கு 14417. பிள்ளை சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டு, 'நான் இல்லாம இருந்தா நல்லது' என்ற தொனியில் பேசினால் காலை வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, ஸ்நேகா 044-24640050. இந்த எண்களை இன்றே உங்கள் போனிலும் உங்கள் பிள்ளையின் போனிலும் சேமித்து வையுங்கள்.